உடன்பணியாளருக்கு உரிய பரிசு

நடுவண் அரசு அலுவலகங்களில் பணிமாற்றம் இயல்பானது. கொச்சியில் பிறந்தவர் நாக்பூரில் பணியாற்றுவார். சில ஆண்டுகளுக்குப்பின் ஷில்லாங்கிற்கோ ஜோத்பூருக்கோ செல்லுமாறு அவருக்கு ஆணை வரும். ஆணை வந்த அன்றே, "அவருக்கு என்ன பரிசு அளிக்கலாம்?" என்னும் வினா உடன்பணியாளர்களிடையே எழும்.

ஆராயாமல் சொல்லப்படும் விடைகள் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றே: சுவர்க் கடிகாரம், கண்ணாடிச் சட்டமிட்ட கடவுட்படம், பயணப்பெட்டி, பொன்னாடை. அவற்றுள் பணி ஓய்வு பெறுபவருக்குக் கடிகாரம் அளிப்பது சற்று விந்தையானது. முப்பது ஆண்டுகள் மணி பார்த்தே ஓடியவரிடம், இனி மணி பார்க்கத் தேவையில்லை என்ற நாளில் அது சேர்கிறது.

வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். மயில் அதனைப் போர்த்திக்கொள்ளுமா என அவன் ஆராயவில்லை. ஆகவே அச்செயல் கொடைமடம் எனப்பட்டது. வள்ளலுக்கு அஃது அழகு. உடன்பணியாளருக்குப் பரிசு தேர்பவரோ ஆராய்ந்தே ஆகவேண்டும்.

நீரிழிவு உடையவருக்கு அளிக்கும் இனிப்புப் பெட்டி அன்று மாலையே அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடும். கொல்லாமையைப் போற்றும் சமணர் பலர் தோற்பொருள்களை ஏற்பதில்லை. புழுக்களைக் கொன்று நூல் எடுக்கப்படுவதால் பட்டையும் தவிர்ப்போர் உளர். குடும்பத்துடன் ஊர் மாறுபவருக்குக் கண்ணாடிப் பொருள் ஒரு கவலையே. செல்லும் ஊரையும் எண்ணவேண்டும். ஷில்லாங் மலைநகர், அங்கே இமாசலத்தின் குலு கம்பளிச் சால்வை குளிர்காலம் முழுவதும் தோளில் இருக்கும். ஜோத்பூர் செல்பவரிடம் அதே சால்வை ஆண்டின் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே உறங்கும்.

கைவினைப் பொருள்களுள் சிறியனவும் உடையாதனவும் பல உள்ளன. கர்நாடகத்தின் பீதர் நகரில் துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளி பதித்துப் பித்ரி கலைப்பொருள்களைச் செய்கின்றனர். அந்நகர்க் கோட்டையின் மண்ணே உலோகத்திற்குக் கருமை ஏற்றுகிறது. அதே மாநிலத்துச் சன்னபட்டணத்தில் அரக்கு வண்ணம் பூசிய மரப்பொம்மைகள் செய்யப்படுகின்றன. பள்ளியையும் தோழர்களையும் விட்டுப் பிரியும் குழந்தைக்கு அவற்றுள் ஒன்று கிடைக்குமாயின், பெற்றோருக்கு வேறு பரிசு தேவைப்படாது.

பொருளைத் தேர்வதினும் அரிது பணம் திரட்டுவது. பெயரும் தொகையும் எழுதிய தாள் ஒன்று மேசைக்கு மேசை செல்கிறது எனக் கொள்வோம். முதல் வரியில் உயர் அலுவலர் ஆயிரம் ரூபாய் என எழுதுகிறார். அடுத்து வருவோர் அதைவிட மிகக் குறைத்து எழுதக் கூசுவர். தாள் இறுதியில் கடைநிலை உதவியாளரை அடையும்போது, அவர் எழுதும் தொகை அன்பினால் எழுதியதன்று, அச்சத்தினால் எழுதியது. அம்மாதத்தில் அவர் வீட்டில் எச்செலவு குறைந்தது என்பதைப் பரிசு பெற்றவர் ஒருநாளும் அறியமாட்டார்.

இதனை அரசும் கருத்தில் கொண்டுள்ளது. மையக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964 என்பதன் 14ஆம் விதி, எளிய முறையில் நிகழும் பிரிவு விருந்தை ஏற்கிறது. ஆனால் அதற்குப் பணம் தருமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது. மேல்நிலை அலுவலரின் விருந்துக்காக மூன்றாம், நான்காம் வகுப்புப் பணியாளர்களிடம் பணம் திரட்டுவதை எந்நிலையிலும் அது தடைசெய்கிறது. தாளுக்கு மாற்றாக ஒட்டிய உறை ஒன்றைச் சுற்றுக்கு விடும் அலுவலகங்களும் உண்டு. யார் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. ஒன்றும் இடாதவரும் தலைநிமிர்ந்து விருந்தில் அமரலாம்.

தனியொருவர் அளிக்கும் விலையுயர்ந்த பரிசு வேறொரு சிக்கலைத் தரும். தம் ஆண்டறிக்கையை எழுதும் அலுவலருக்கு எழுத்தர் ஒருவர் கைக்கடிகாரம் அளித்தால், அவர் உள்ளம் தூயதாயினும் காண்போர் அவ்வாறு கருதார். ஒத்த நிலையினரிடையேயும் பெரும்பரிசு கடனாகிவிடும். பெற்றவர் அதற்கு ஈடு செய்யும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

செலவில்லாத பரிசும் உண்டு. பல மொழியினர் பணியாற்றும் அலுவலகத்தில் ஒரு குறிப்பேட்டை வாங்கி, ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் சில வரிகள் எழுதலாம்: மராத்தியில் ஒருவர், வங்கத்தில் ஒருவர், தமிழில் ஒருவர். படிக்கத் தெரியாத பக்கங்களுக்குப் பொருள் கேட்க அவர் தொலைபேசியில் அழைப்பார். அக்குறிப்பேட்டை அவரது கைப்பையில் வைப்பதே நன்று. வீட்டுப் பொருள்கள் ஏற்றிய சரக்குந்து வந்துசேரப் பல நாள்கள் ஆகும்.

அருஞ்சொற்பொருள்
கொடைமடம் – பயன் ஆராயாது கொடுத்தல்
கூசுதல் – நாணுதல்
ஈடு – ஒப்பு
சரக்குந்து – லாரி

பயிற்சி
1. கடைநிலை உதவியாளர் எழுதிய தொகை அன்பினால் எழுதியதன்று எனப்படுவது ஏன்?
2. பேகனின் செயல் உடன்பணியாளர் பரிசுக்குப் பொருந்தாமைக்குக் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: தோற்பொருள், கடவுட்படம், இவ்வகை.
4. உங்கள் ஆசிரியர் ஒருவர் லே நகருக்குப் பணிமாற்றம் பெற்றுள்ளார். வகுப்பினர் அளிக்கத்தக்க பரிசு ஒன்றைத் தேர்ந்து, அதற்கான காரணங்களை எட்டு வரிகளில் எழுதுக.