வீட்டு முற்றத்தில் அலங்கார மீன் வளர்ப்பு

ஊர் திரும்பியதும் வயலோ தொழிலோ உடனே கைகொடுப்பதில்லை. முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியும் கிணற்று நீரும் இருந்தால், அலங்கார மீன் வளர்த்துச் சிறு வருமானம் தேடலாம். உங்கள் மீன்களை வாங்கக்கூடிய கடை அருகில் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள்.

எந்த மீன்?

யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடின நீர். கப்பி, மொலி, பிளாட்டி ஆகியவை அதில் நன்கு வளரும். தென் அமெரிக்காவின் குள்ளப் பைக் சிக்லிட் போன்றவை மென்னீரை விரும்புபவை. சிறு மீன்களையும் விழுங்கிவிடும். எனவே கப்பியில் தொடங்குங்கள்.

தொட்டியை ஆயத்தம் செய்தல்

1. புதுத் தொட்டியில் நீர் நிரப்பி, சில நாட்களுக்கு ஒரு முறை மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். சீமெந்தின் காரம் மீனைக் கொல்லும்.

2. கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், அந்த நீரைத் திறந்த பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்தபின் பயன்படுத்துங்கள்.

3. வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை இடுங்கள். தாய் மீன் தன் குஞ்சுகளையே தின்னும். குஞ்சுகள் ஒளிந்து தப்பச் செடி வேண்டும்.

4. முதலில் நான்கைந்து மீன்களை மட்டும் விடுங்கள். மீன் கழிவின் நச்சை மாற்றும் பக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதற்குமுன் அதிக மீன் விட்டால் இழப்பு நிச்சயம்.

பராமரிப்பு

இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனியை நாளுக்கு இருமுறை கொடுங்கள். வாரம் ஒரு முறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். கப்பி ஏறத்தாழ மாதம் ஒரு முறை குஞ்சு ஈனும். ஆண் குஞ்சுகளின் நிறம் தெரியத் தொடங்கியதும் அவற்றைப் பிரித்து வையுங்கள். மீனுள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பிகள் பெருகா. மீனில்லாத தொட்டியை வெறுமையாக்கி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத குளக்கரை, வாய்க்கால்களில் செடியோ மணலோ எடுக்கச் செல்லாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

• தொட்டியை வலையால் மூடுங்கள். பறவைகளிடமிருந்து மீனைக் காக்கும். சிறு பிள்ளைகளைத் தொட்டியருகே தனியே விடாதீர்கள்.

• பயிர்களுக்கு மருந்து தெளிக்கும்போது தொட்டியை மூடி வையுங்கள்.

• வேண்டாத மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். அவை உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும்.

மேலதிக ஆலோசனைக்கு நக்டா நிறுவனத்தின் அலுவலரை அணுகுங்கள். அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம்.