புது நாணயமும் பொதுமக்கள் ஐயமும்

செலாவணியில் உள்ள நாணயத்தின் உருவம் மாறும்போது ஜனங்களிடையே ஐயம் எழுவது புதிதன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தசாம்ச நாணய முறை அமலுக்கு வந்தபோது, ரூபாய்க்குப் பதினாறு அணா என்று தலைமுறைகளாகக் கணக்கிட்டு வந்தவர்கள், ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று எண்ண வேண்டியதாயிற்று. ஓர் அணாவின் சரியான மதிப்பு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லையாதலால், மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6 என்றும், இரண்டணாவுக்கு 12 என்றும், மூன்றணாவுக்கு 19 என்றும், நாலணாவுக்கு 25 என்றும் குறித்தனர். பதினாறு அணாவை ஒவ்வொன்றாக மாற்றினால் 96 பைசாதான் சேரும். மொத்தமாகக் கூட்டி மாற்றினால் நூறும் கிடைக்கும். அணாக் கணக்கில் கூலி பெற்றவர்கள் ஐயுற்றதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தவிர, பழைய இரண்டணாவும் சதுரம். புதிய 5 நயா பைசாவும் சதுரம். பழைய ஓரணாவின் விளிம்பும் நெளிவு. புதிய 10 நயா பைசாவின் விளிம்பும் நெளிவு. இரு வகையும் ஒரே பையில் கலந்து கிடந்தன.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை வேறு. இதில் மதிப்பு மாறவில்லை. சித்திரம் மட்டுமே மாறியது. 2010 ஜூலையில் ரூபாய்க்கு எனத் தனிக் குறியீடு ஏற்கப்பட்டது. 2011 முதல் அக்குறியீட்டுடன் நாணயங்கள் வரலாயின. முன் வந்தவற்றில் பதினைந்து கதிர்க்கோடுகள். பின் வந்தவற்றில் பத்து. இவற்றுள் ஒன்று போலி என்று யாரோ கிளப்பிய பேச்சு பரவியது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. கால் ரூபாயும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் இறுதியோடு நின்றிருந்தன. இவற்றையெல்லாம் கண்டவர்கள் வதந்தியை நம்பியதில் வியப்பில்லை. அந்த நவம்பர் 20-ஆம் தேதியே ரிசர்வ் வங்கி இருவகையும் செல்லும் என்று அறிவித்தது. 2018 ஜனவரியில் மீண்டும் அறிவித்தபோது, அதுவரை வெளிவந்த பதினான்கு வடிவங்களும் செல்லுபடியாகும் என்று கூறியது. கயிறு வாரியத்தின் அறுபதாம் ஆண்டு நினைவாக வந்த நாணயமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அறிவிப்புக்குப் பின்னரும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைகளிலும் பேருந்துகளிலும் இதனை வாங்க மறுத்தனர். காரணம் கவனிக்கத் தக்கது. கடைக்காரர் நாணயத்தை ஐயுறவில்லை. அடுத்தவர் அதைத் தம்மிடம் வாங்குவாரா என்பதையே ஐயுற்றார். மொத்த வியாபாரி மறுப்பார் என்று சில்லறை வியாபாரி மறுக்க, சில்லறை வியாபாரி மறுப்பார் என்று வாடிக்கையாளர் மறுத்தார். இறுதியில் நாணயம் தேங்கியது பூ விற்பவர், காய் விற்பவர், வாரக்கூலி பெறுபவர் ஆகியோரிடமே. ரிசர்வ் வங்கி அறிக்கையைப் படித்துக் காட்டினால் மட்டும் இச்சங்கிலி அறுவதில்லை.

கூட்டுறவுச் சங்கத்திற்கோ இதில் ஒரு வசதி உண்டு. கூலியும் விளைபொருள் விலையும் பட்டுவாடா செய்வது சங்கமே. பண்டகசாலையில் பணம் வாங்குவதும் சங்கமே. தான் கொடுத்த நாணயத்தைத் தானே திரும்ப வாங்குமிடத்தில் அடுத்தவரைப் பற்றிய அச்சத்திற்கு இடமில்லை. ஆதலின் பண்டகசாலைக் குமாஸ்தா பத்து ரூபாய் நாணயத்தை மறுப்பாராயின், சங்கத்தின் பட்டுவாடா மேஜையிலும் அதை எவரும் வாங்க மாட்டார்கள். இதை நிர்வாகக் கமிட்டி முதலில் சரிசெய்தல் வேண்டும்.

சட்டத்திலும் ஒரு வரம்பு உண்டு. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரையிலும், ஐம்பது பைசா நாணயம் பத்து ரூபாய் வரையிலும் செல்லும். அதற்கு மேல் பெறுபவர் இசைவு தேவை.

எண்ணும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2011 முதல் வந்த இரண்டு ரூபாய் நாணயம், முந்திய ஒரு ரூபாயைப் போலவே 25 மில்லிமீட்டர் அகலமுள்ளது. தடவிப் பார்த்து எண்ணும் முதியோரும் பார்வையற்றோரும் இதனால் ஏமாறக்கூடும். 2019-இல் அறிவிக்கப்பட்ட இருபது ரூபாய் நாணயம் பத்து ரூபாயைப் போல 27 மில்லிமீட்டர் அகலமுடையதாயினும், பன்னிரண்டு பக்கங்கள் கொண்டிருப்பதால் விரலுக்கு உடனே தெரியும். ஒன்றையும் இரண்டையும் கல்லாவில் வெவ்வேறு கிண்ணங்களில் போட்டு வைப்பது நலம்.