மைக் செட்டுக்காரர் கணினி மாற்றினால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பாலக்கோட்டுப் பக்கம் மைக் செட் வைத்துப் பிழைக்கும் என்னிடம் இருந்தது 11-ஐ ஏற்காத பழைய பெட்டி. புதிது வாங்கியே தீரவேண்டும் என்றானது.

எல்லாரும் கேட்டது, “எத்தனை ஜி.பி. பாட்டு இருக்கு?” என்பதைத்தான். அதில் ஒன்றுமில்லை. 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. பிடிக்கும். ஐயாயிரம் பாட்டு சேர்ந்தாலும் 25 ஜி.பி. பக்கம்தான் வரும். சினிமாப் பாட்டு தொலைந்தால் மறுபடி தேடி எடுக்கலாம். தேடினாலும் கிடைக்காதவை இரண்டு: நாம் கட்டிய வரிசை, நாமே எடுத்த பதிவு.

எங்கள் தொழிலில் வரிசைதான் சொத்து. பிள்ளையார் பாட்டில் தொடங்கி எத்தனையாவது பாட்டில் அம்மனுக்குப் போவது, காதுகுத்தில் தாய்மாமன் சீர் வாசலுக்கு வரும்போது எது ஓடவேண்டும், சாவு வீட்டில் எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் வருஷக்கணக்கில் ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்கிப் படிந்தது. “அண்ணா, போன வருஷம் பண்டிகைக்குப் போட்டீங்களே, அதே மாதிரி போடுங்க” என்பார்கள். அந்த ‘அதே மாதிரி’ எம்.பி.3 கோப்புக்குள் இல்லை, பிளேலிஸ்டில் இருக்கிறது.

பிளேலிஸ்ட் என்பது பாட்டு அல்ல, பாட்டின் விலாசம். பழைய கணினியில் பாட்டெல்லாம் டி டிரைவில் இருந்து, புதியதில் சி மட்டும் இருந்தால் அத்தனை விலாசமும் பொய்யாகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு பகுதியைப் பிரித்து அதற்கும் டி என்றே எழுத்து கொடுத்து, ஃபோல்டர் பெயர்களைத் தொடாமல் வைத்தால் பழைய லிஸ்ட் அப்படியே ஓடும். இல்லாவிட்டால் எம்3யு கோப்பை நோட்பேடில் திறந்து விலாசத்தை மொத்தமாக மாற்றலாம். பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் எம்3யு8 ஆகவே சேமியுங்கள். சாதாரண எம்3யு-வில் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிவிடக்கூடும்.

பெயர் சுத்தம் செய்வது, இரட்டைப் பாட்டை அழிப்பது எல்லாம் மாற்றி முடித்த பிறகு. முன்னால் செய்தால் லிஸ்டும் கெடும், எது போனது என்ற கணக்கும் கெடும். கோப்புகளை நகர்த்த விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை போதும். நடுவில் கரன்ட் போனால் மறுபடி ஓட்டலாம். முழுதாகப் போய்ச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும். முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் கோப்பு எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரியைப் பார்க்க வேண்டாம், அது டிரைவுக்கு டிரைவு மாறும்.

இனி பதிவுகள். எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். மிக்சரிலிருந்து நேராக வயர் போட்டு எடுத்த அந்தப் பதிவில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தனித்தனியாகக் காதில் விழும். இது கடையில் கிடைக்காது. ஆனால் ரெக்கார்டர் அதற்கு வைக்கும் பெயர் வெறும் எண். புதுக் கணினிக்குப் போனபின் எந்த ஊர், எந்தக் குழு என்று யாரைக் கேட்பது? அதனால் இதற்கு மட்டும் விதிவிலக்கு: ஊர், தேதி, நாடகம், வாத்தியார் பெயர் எல்லாவற்றையும் நகர்த்தும் முன்பே எழுதுங்கள். இவை எந்த லிஸ்டிலும் இல்லாததால் பெயர் மாற்றினால் எதுவும் கெடாது. இடம் மிச்சமாகும் என்று வேவ் கோப்பை எம்.பி.3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிப்பதை நான் ஒப்பமாட்டேன். சி.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்.பி. ஆகும், ஆகட்டும். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. இன்னும் மேலே போய் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்கிறது.

கூத்து வீடியோவும் இருந்தால் பென்டிரைவைப் பாருங்கள். ஃபேட்32-இல் இருந்தால் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக்கினால் ஏறும். ஆம்ப்ளிஃபயரில் செருகும் பென்டிரைவ் கதை வேறு. பல ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஃபேட்32-தான் புரியும், தமிழ்ப் பெயரைத் திரையில் காட்டத் தெரியாது, அகர வரிசையும் பார்க்காமல் நாம் ஏற்றிய வரிசையில் பாடும். அந்தப் பிரதிக்கு மட்டும் 001, 002 என்று எண் போட்டு, பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, அதே வரிசையில் ஏற்றுவேன்.

கூத்துப் பதிவில் ஒரு பிரதியை அந்த நாடகக் குழுவுக்கே கொடுத்துவிடுவது என் வழக்கம். அவர்கள் பாட்டு அவர்களிடம் இருக்கும். என் ஹார்ட் டிஸ்க் செத்தாலும் கேட்டு வாங்க இடம் உண்டு.

பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள் என்று கடைக்காரர் கேட்பார். பங்குனிப் பண்டிகையில் தொடங்கி ஆடிப்பெருக்கு வரை ஒரு சுற்று புதுக் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். விடுபட்ட லிஸ்ட் எது என்பது பந்தல் போட்ட பிறகுதான் தெரியும்.