கியூவுக்குப் புது டிப் ஒட்டுவது எப்படி?

பூல் ஆடும் கியூவைப் பழுதுபார்க்க உட்காருமுன் முன்பாதியான ஷாஃப்டைக் கழற்றி மேசைமீது உருட்டிப் பாருங்கள். நுனி துள்ளித் துள்ளி ஓடினால் மரம் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த மெனக்கெடாமல் புது ஷாஃப்ட் வாங்குவதே மேல். இணைப்புத் திருகில் 5/16×18, 5/16×14, 3/8×10 என்று பல அளவுகள் உண்டு. அடிப்பகுதியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

நேராக உருண்டால், சிறு பள்ளங்களை முதலில் எடுத்துவிடலாம். நனைத்துப் பிழிந்த துணியைப் பள்ளத்தின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஓரிரு விநாடி தொடுங்கள். ஆவி ஏறி, நசுங்கிய நார் உப்பி எழும். நன்றாக உலர்ந்தபின் 1000 எண் உப்புத்தாளால் மரத்தின் வாட்டத்திலேயே மெல்லத் தேய்த்தால் போதும். முரட்டுத் தாள் வேண்டவே வேண்டாம். ஷாஃப்ட் இளைத்துவிட்டால் பழைய பருமனுக்குக் கொண்டுவர முடியாது.

அடுத்து நுனியிலுள்ள தோல் டிப். பூல் கியூவின் நுனி பெரும்பாலும் 12 முதல் 13 மி.மீ. இருக்கும். அளந்துகொண்டு, ஒரு நூல் பெரிதாகவே டிப் வாங்குங்கள். பழையதைப் பிளேடால் சீவி எடுத்தால், காய்ந்த பசை, டிப்புக்கு அடியில் இருக்கும் ஃபெர்ரூல் என்ற உறையின்மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும். அதை முழுக்கச் சுரண்டுங்கள். தட்டையான கட்டையில் 220 உப்புத்தாளை ஒட்டி, ஃபெர்ரூலின் முகத்தைச் செங்குத்தாக வைத்துத் தேயுங்கள். டிப்பின் அடிப்புறத்தையும் அப்படியே. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடுக்கில் ஒரு கீற்று தெரிந்தாலும் மறுபடி தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் பல டிப்புகள் ஆட்டத்தின் நடுவே கழன்று விழுகின்றன. ஃபெர்ரூலே விரிசல் விட்டிருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள். அது லேத் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, நடுவாக வைத்து அழுத்திப் பிடித்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் ஃபெர்ரூலில் டேப் சுற்றி, கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பிதுங்கிய தோலைப் புது பிளேடால் மேலிருந்து கீழாகச் சீவுங்கள். ஓரத்தை லேசாக ஈரமாக்கி, தோல்துண்டால் பளபளப்பு வரும்வரை அழுத்தித் தேயுங்கள். அப்போதுதான் அடி வாங்கும்போது டிப் பக்கவாட்டில் பிதுங்காது. மேற்புறத்தை அமெரிக்க நிக்கல் நாணயத்தின் வளைவுக்கு உருட்டினால் பெரும்பாலோர் கைக்கு ஒத்துவரும்.

அடிப்பகுதியின் வார்னிஷ் உரிந்திருந்தால் திருகையும் வளையத்தையும் டேப்பால் மூடிவிட்டு, 320, 400 தாள்களால் தேய்த்து, பாலியூரித்தேனை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பிய்ந்த ரப்பர் பம்பரைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.