முதுகுப் பக்கம் திருப்பிப் பார்

அன்புள்ள யாழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. ஒரு ஸ்டீல் கைக்கடிகாரம் 3.1 கோடி சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போன செய்தியைப் படித்துவிட்டு, "இவங்களுக்கு என்ன பைத்தியமா பெரியப்பா? என் போன் இதைவிடச் சரியா மணி காட்டுதே!" என்று கேட்டிருந்தாய். செய்தி உண்மைதான். 2019 நவம்பரில் ஜெனீவாவில் பட்டேக் ஃபிலீப்பின் 'கிராண்ட்மாஸ்டர் சைம்' அந்த விலைக்குப் போனது. ஸ்டீலில் அந்த ஒன்றைத்தான் செய்திருந்தார்கள். ஏலப் பணம் ஒரு தசைநோய் ஆராய்ச்சிக்கான நன்கொடை என்பதால் அந்த விலையை அளவுகோலாக வைக்க வேண்டாம். ஆனாலும் உன் கேள்வியைத் தள்ளிவிட மனம் வரவில்லை. நீ மெக்கானிக்கல் படிக்கிற பெண். நானும் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றே வயதானவன். அதனால் உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போனைப் பற்றி நீ சொன்னதில் தப்பே இல்லை. இன்று செய்யப்படும் நல்ல இயந்திரக் கடிகாரம் பெரும்பாலும் வினாடிக்கு 8 முறை துடிக்கும். தெருவோரக் கடையில் வாங்கும் குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகமோ வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. கோடி ரூபாய்க் கடிகாரம் ஒரு நாளில் சில வினாடி முந்தும் அல்லது பிந்தும். மலிவான குவார்ட்ஸ் அதைவிட ஒழுங்காக ஓடும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீகோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோதே இந்தப் போட்டி முடிந்துவிட்டது. 1970-ல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 90,000 பேர். எண்பதுகளின் நடுவில் அது சுமார் 30,000 ஆகச் சுருங்கியது. பட்டறைகள் மூடப்பட்டன, தலைமுறை தலைமுறையாக வந்த கருவிகள் பழைய இரும்புக்குப் போயின.

அதற்குப் பிறகும் இயந்திரக் கடிகாரம் சாகவில்லை என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும். மணி பார்க்கும் தேவை போய்விட்டது. சாவி கொடுத்தால் ஒரு சுருள்வில் இறுகி, அது மெல்ல அவிழ்கிற விசையை ஒரு சின்னச் சக்கரம் அளந்து அளந்து விடுகிற அந்த ஏற்பாட்டின் மேல் மனிதனுக்கு இருந்த ஆசை போகவில்லை. சேகரிப்பவர்களின் கனவுக் கடிகாரம் என்று ஒன்று பிறந்ததே இந்த ஆசையிலிருந்துதான். ஆனால் அந்த ஒரு பெயரில் பல வகை ஆசைகள் கலந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்க என்னால் முடியாது.

முதலில், நான் உயர்வாக நினைக்கும் ஆசையைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைகளில் வாலே த ஜூ என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. பனிக்காலம் நீண்ட ஊர். அங்கே ஃபிலிப் டுஃபூர் என்ற கைவினைஞர் 2000-ஆம் ஆண்டில் 'சிம்பிளிசிட்டி' என்றொரு கைக்கடிகாரத்தை வெளியிட்டார். மணி முள், நிமிட முள், கீழே குட்டி வினாடி முள், அவ்வளவுதான். வைரமும் இல்லை, தேதியும் இல்லை. பல ஆண்டுகளில் சுமார் 200 மட்டுமே செய்தார். இன்று சேகரிப்பவர்கள் அதன் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துகிறார்கள். 2020-ல், இருபதாம் ஆண்டு நினைவாக அவர் செய்த வரிசையின் முதல் கடிகாரம் ஏலத்தில் 13 லட்சம் பிராங்குக்கு மேல் போனது.

ஏன் என்று கேட்டால், அதைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். சக்கரங்களைத் தாங்கும் உலோகத் தகடுகளின் விளிம்பு முழுவதும் சாய்வாக ராவப்பட்டுக் கண்ணாடி போல மெருகேற்றப்பட்டிருக்கும். வெளிப்பக்கம் வளைந்து போகும் விளிம்பை இயந்திரத்திலும் செய்துவிடலாம். ஆனால் இரண்டு சாய்வுகள் உள்நோக்கி வந்து கூராகச் சந்திக்கும் மூலை இருக்கிறதே, அது சுழலும் கருவிக்கு எட்டாது. சுழல்வது எதுவாக இருந்தாலும் அந்த மூலையில் ஒரு வளைவை விட்டுவிடும். இது ஏன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மில்லிங் கட்டரின் ஆரம் உள்மூலையில் தங்குவதை நீயே லேபில் பார்த்திருப்பாய். அந்த மூலை கூராக வேண்டுமென்றால் ஒரு ஆள் அரத்தைப் பிடித்து உட்கார வேண்டும். பிறகு ஜூரா மலையில் வளரும் ஜென்ஷன் செடியின் காய்ந்த தண்டைச் சீவி, அதில் மெருகுப் பசையைத் தடவித் தேய்க்க வேண்டும். கை ஒரு முறை வழுக்கினால் அந்தத் தகடு வீண்.

ஸ்டீல் பாகங்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வைரத்தூள் பசை தடவிய மென்மையான உலோகப் பரப்பில், பெரும்பாலும் வெள்ளீயத்தில், பாகத்தை வைத்துப் பொறுமையாகத் தேய்ப்பார்கள். பரப்பு அப்பழுக்கில்லாமல் சமமாகும்போது வெளிச்சம் ஒரே திசையில் மட்டும் திரும்பும். மற்ற எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அந்த ஸ்டீல் கன்னங்கரேலென்று தெரியும். இதில் எதுவும் கடிகாரத்தை ஒரு வினாடிகூடச் சரியாக ஓட வைப்பதில்லை. டயலுக்கு அடியில் மறைந்துபோகும் பக்கத்தையும் நல்ல பட்டறைகள் விடாமல் மெருகேற்றுகின்றன. அதைப் பார்க்கப் போகிறவர் பல ஆண்டு கழித்துப் பழுது பார்க்கத் திறக்கும் இன்னொரு தொழிலாளி மட்டும்தான்.

அந்த டுஃபூருக்கே வேறொருவர் செய்த கடிகாரத்தின் மேல் ஆசை வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜெர்மனியின் சாக்சனியில் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் 1845-ல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே தொடங்கிய நிறுவனத்தின் பட்டறை, 1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், குண்டுவீச்சில் சேதமானது. 1948-ல், சோவியத் ஆதிக்கத்தில் இருந்த கிழக்கு ஜெர்மனியில், நிறுவனம் அரசுடைமையாக்கப்பட்டது. பெர்லின் சுவர் விழுந்த மறு ஆண்டு, கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 66 வயதில் திரும்பி வந்து அதை மறுபடி பதிவு செய்தார். 1999-ல் அங்கிருந்து 'டேட்டோகிராஃப்' வந்தது. நிறுத்தி ஓட்டி நேரம் அளக்கும் குரோனோகிராஃப் வகை. அதைத் திறந்து பார்த்த டுஃபூர் வாயாரப் புகழ்ந்தார், தமக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். அந்தப் பட்டறையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் இரண்டு முறை பூட்டுகிறார்கள். முதலில் பூட்டி, ஓட்டிச் சரிபார்த்து, முழுதாகக் கழற்றி, சுத்தம் செய்து, இறுதி மெருகு கொடுத்து, மறுபடி பூட்டுகிறார்கள்.

இன்னொருவரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜார்ஜ் டேனியல்ஸ் லண்டனில் வறுமையில் வளர்ந்து, ஐல் ஆஃப் மேன் தீவில் தனியாக உட்கார்ந்து, ஒரு கடிகாரத்தின் ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் தம் கையாலேயே செய்தவர். அவர் எழுதிய நூலைப் படித்து, ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் ஒரு பாக்கெட் கடிகாரம் செய்து எடுத்துப் போனார். டேனியல்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்தார். கையால் செய்தது என்பது பார்த்தவுடனே தெரிகிறதே, அது தெரியக் கூடாது என்பது அவர் சொன்ன குறை. ஸ்மித் ஊர் திரும்பி இரண்டாவது கடிகாரத்தைத் தொடங்கினார். அரைகுறையாக வந்த பாகங்களைத் தூக்கிப் போட்டுத் திரும்பத் திரும்பச் செய்தார். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மறுபடி எடுத்துப் போனபோது டேனியல்ஸ் ஒவ்வொரு பாகமாகக் காட்டி இதைச் செய்தது யார், இதைச் செய்தது யார் என்று கேட்டாராம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். அன்றுதான் அவரைக் கடிகாரம் செய்பவர் என்று டேனியல்ஸ் ஏற்றுக்கொண்டார். இன்று அதே தீவில் இருக்கும் ஸ்மித்தின் பட்டறையிலிருந்து ஆண்டுக்கு ஒரு சில கடிகாரங்களே வெளிவருகின்றன. அதற்காகப் பல ஆண்டு காத்திருப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்ல என் நாக்கு வராது.

அடுத்தது கதையின் மேல் வரும் ஆசை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கார்ப் பந்தயத்தில் இறங்கியபோது, அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் ஒரு ரோலெக்ஸ் டேடோனா வாங்கி, பின்மூடியில் பார்த்து ஓட்டச் சொல்லி மூன்று வார்த்தை பொறித்துக் கொடுத்தார். அந்தக் கடிகாரத்தில் இருந்த மாதிரி டயல் அன்றைக்குக் கடைகளில் விலை போகாமல் கிடந்த சரக்கு. 1984-ல் நியூமன் அதை மகளின் நண்பர் ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே வகைக் கடிகாரங்கள் பல இருக்கின்றன. இந்த விலை அந்த மணிக்கட்டுக்கும் அந்த மனைவியின் கவலைக்கும் கொடுத்தது. இந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் வேலையின் அழகைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

கதைதான் வேண்டுமென்றால் நான் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைச் சொல்வேன். நாசா அதை வெப்பம், குளிர், அதிர்ச்சி, வெற்றிடம் என்று வதைத்துப் பார்த்து 1965-ல் விண்வெளிக்குத் தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் தம்முடையதைக் கலத்திலேயே விட்டுவிட்டு இறங்கினார், அங்கிருந்த மின்கடிகாரம் பழுதானதால். ஆல்ட்ரின் கட்டிக்கொண்டு நிலவில் நடந்தார். மறு ஆண்டு அப்போலோ 13 விபத்துக்குள்ளானபோது, பாதையைத் திருத்த 14 வினாடி மட்டும் கலத்தின் இயந்திரத்தை இயக்க வேண்டியிருந்தது. அதை அளந்தது இந்தக் கைக்கடிகாரம். இங்கே கதையும் வேலையும் ஒன்றாகவே இருக்கின்றன.

மூன்றாவது ஆசைதான் இன்று சந்தையை ஆட்டிவைக்கிறது. பிறருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசை. பட்டேக் ஃபிலீப் 1976-ல் கொண்டுவந்த 'நாட்டிலஸ்' நல்ல கடிகாரம்; ஜெரால்ட் ஜென்டாவின் அழகான வடிவமைப்பு. அதன் 5711 என்ற மாடலை 2021-ல் நிறுத்தும்போது, டிஃபனி நகைக்கடையின் நீல நிறத்தில் 170 மட்டும் செய்தார்கள். கடை விலை சுமார் 52,000 டாலர். டிசம்பரில் ஒன்று ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அதுவும் நற்பணிக்கான ஏலம்தான். ஆனால் அந்த நாட்களில் கடிகாரத்தைக் கட்டாமலே பெட்டியோடு வாங்கிப் பெட்டியோடு விற்றவர்கள் ஏராளம். 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போன மறுவிற்பனை விலைகள் பிறகு இறங்கின. கடன் வாங்கிப் பதுக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டுஃபூரின் கடிகாரம் அரிதாக இருப்பது ஒருவருக்கு இரண்டு கைதான் என்பதால். நிறத்தை மாற்றி எண்ணிக்கையைக் குறைத்து உண்டாக்கும் அருமையை அதோடு சேர்த்துப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

உனக்கு ஆசை வந்துவிட்டது என்று உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தாலே தெரிகிறது. வரட்டும். ஆனால் சிலவற்றை மனதில் வை. பழைய கடிகாரத்தில் டயல்தான் விலையைத் தீர்மானிக்கிறது, அதனால் ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது. பால் நியூமன் டயல் என்ற பெயரில் சுற்றும் போலிகள் பல. நம் ஊரில் இணையத்தில் வரும் பளபளப்பான பழைய எச்.எம்.டி. கடிகாரங்களில் பெரும்பாலானவை புதுப் பெயின்ட் அடித்த டயல்கள். அப்படி ஒரு கலரை அந்தத் தொழிற்சாலை செய்ததே கிடையாது. கேஸை மெருகு போடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதே, விளிம்புகள் மழுங்கிவிடும். கீறல் இருந்தால் இருக்கட்டும். ஏல விலையைப் பார்த்து எதையும் விரும்பாதே. பின்மூடியைத் திறந்த படத்தைத் தேடிப் பிடி. உள்மூலைகள் கூராக இருக்கின்றனவா, திருகுகளின் வெட்டு சுத்தமாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார். மாதத் தவணையில் ஆடம்பரக் கடிகாரம் வாங்கவே வாங்காதே.

இந்த விடுமுறையில் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணில் லென்ஸ் மாட்டிய வாட்ச் ரிப்பேர்க்காரர் யாராவது இருக்கிறாரா பார். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா ஒன்றைத் திறந்து காட்டச் சொல். பேலன்ஸ் சக்கரம் நின்று, நீ சாவியைத் திருகியதும் மறுபடி ஆடத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு, அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு வா. அதன் பிறகு உன் கனவுக் கடிகாரம் எது, அதில் எந்தப் பாகத்துக்காக என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா