புகைக்குழாயில் ஒரு மின்கலம்

வேதியியல் பயிலும் நண்பர்கள் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைத் தேர்வுக்காக உருப்போடுவதுண்டு. அதே சமன்பாடு, தெருவில் ஓடும் பெட்ரோல் காரின் புகைக்குழாயில் ஓயாது வேலை செய்கிறது என்றால் வியப்பாக இருக்கலாம். அங்கே திருகப்பட்டுள்ள ஆக்சிஜன் சென்சார் உண்மையில் ஒரு சிறு மின்கலமே. 1976-இல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக வால்வோ கார்களில் இது முதன்முதலில் இடம்பெற்றது. இதனை வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆனால் மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு அதன் இயல்பு தெரிந்திருத்தல் நலம்.

சென்சாரின் உள்ளே விரல்நுனி போன்ற சிர்கோனியாப் பீங்கான் உண்டு. அதன் இருபுறமும் பிளாட்டினப் பூச்சு இருக்கும். வெளிப்புறத்தைப் புகை தழுவும். உட்புறத்தில் வெளிக்காற்று நிற்கும். சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் பீங்கானின் ஊடே ஆக்சிஜன் அயனிகள் நகரும். இருபுறத்து ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட், அருகினால் 0.9 வோல்ட். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் எல்லையில் இது சட்டெனத் தாவும். இத்தாவலைக் கண்டே எஞ்சினின் கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. (சிர்கோனியாவைக் கொண்டு விளக்குச் செய்தவரும் இதே நெர்ன்ஸ்ட்தான்!) புதிய கார்கள் பலவற்றில் முன் சென்சார் வேறு அமைப்புடையது, அவற்றிற்கு இவ்வோல்ட் கணக்குப் பொருந்தாது.

எஞ்சின் விளக்கு எரிந்தவுடன் சென்சாரைக் குற்றவாளியாக்குவது பரவலான பழக்கம். இது நியாயமன்று. ஸ்கேனரில் பி0171 என்னும் குறியீடு வந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பதே பொருள். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயின் கேஸ்கட் கசிந்தாலும், அவ்வழியே நுழையும் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கண்டு சென்சார் அவ்வாறே சொல்லும். கணினியும் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி வழங்கும். இங்கே சென்சார் பொய் சொல்லவில்லை. புதியதை வாங்கிப் பொருத்தினாலும் அதுவும் இதையே சொல்லும். பி0135 வந்தாலோ, சென்சாரைச் சூடேற்றும் கம்பிச்சுருளின் மின்சுற்றில் குறை. முதலில் பியூசைப் பார்க்க வேண்டும். பிறகு இணைப்பைக் கழற்றி, நான்கு கம்பிகளுள் ஒரே நிறமுடைய இரண்டிற்கு இடையே மல்டிமீட்டரை வைக்கலாம். பெரும்பாலும் அவையே சூடேற்றிக்குரியவை. சில ஓம்கள் காட்டினால் சுருள் நலம். மின்னோட்டமே இல்லையெனில் சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் வேலை பெரிதன்று. புகைக்குழாய் கையைச் சுடாத அளவு ஆறட்டும். வண்டிக்கு அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைத்துக்கொள்க. பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றியபின், சென்சாரின் மின் இணைப்பை விடுவிக்க வேண்டும். இணைப்போடு திருகினால் கம்பி முறுக்கி அறும். பிடித்துக்கொண்ட மரையில் துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்து, பக்கவாட்டில் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் கழற்றலாம். புதியதை முதலில் கையாலேயே திருகுக. மரை கோணலாக ஏறினால் குழாயே பாழாகும். இறுக்கும் அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் காண்க. மரை பிடித்துக்கொள்ளாதிருக்கப் பூசும் பசை பல சென்சார்களில் முன்பே இருக்கும்; நுனியில் எதுவும் படலாகாது. சிலிக்கோன் பசையின் ஆவியும் சென்சாருக்கு நஞ்சு. ஈயமும் அவ்வாறே, 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்ததற்கு வினையூக்கி மாற்றியைக் காப்பதும் ஒரு காரணம்.

இன்னொன்று பலர் அறியாதது. பல சென்சார்களில் உட்புறத்துக்கு வேண்டிய வெளிக்காற்று, கம்பியின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்வெளி வழியாகத்தான் செல்கிறது! ஆகவே மின் இணைப்பில் கிரீஸ் தடவுவதும், அறுந்த கம்பியை ஈயப்பற்று வைத்து ஒட்டுவதும் அதன் மூச்சை அடைப்பதாகும்.

பின்னர்க் குறியீட்டை ஸ்கேனரால் அழித்து, எஞ்சினைத் திறந்த வெளியில் இயக்கிப் பார்க்கலாம். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். சில நாட்கள் ஓடியபின் விளக்கு மீண்டும் எரிந்தால், அடுத்துச் சோதிக்க வேண்டியவை கம்பிகளும் கேஸ்கட்டும் ஆகும்.