வீட்டில் முதல் பட்டதாரி

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். தோட்டக்கலை படிக்க ஆசை. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எப்படி விண்ணப்பிப்பது?
– ஒரு மாணவி, பெரும்பாறை

பதில்: காப்பியும் மிளகும் சூழ வளர்ந்தவருக்குத் தோட்டக்கலை ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்! பக்கத்துத் தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள். தோட்டக்கலைக் கல்லூரி பெரியகுளத்தில் இருக்கிறது.

யாரும் படிக்காததே உங்கள் பலம். முதல் பட்டதாரிச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் கேளுங்கள். சாதி, வருமானச் சான்றுகளையும் சேர்த்து. மே மாதம் வரிசையில் நின்று திண்டாட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு அரசுடையது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

தோட்டக்கலைப் படிப்புக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் இணையம் வழியாகத்தான் விண்ணப்பம். வீட்டில் இருக்கும் செல்போன் எண்ணையே கொடுங்கள். இ-சேவை மையத்துக்காரர் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், கலந்தாய்வுத் தகவலும் அவருக்கே போகும். கையிருப்பாக அரசு கலைக் கல்லூரிகளில் தாவரவியலுக்கும் போட்டு வையுங்கள். சந்தேகமா? கல்வி உதவி எண் 14417-ஐ அழையுங்கள், சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று!